வெறுந்தாம்பூலம்

1938, ஜூலை 19, செவ்வாய்க்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மச்சான் இல்லாத நேரத்தில் கோயில்காரர்கள் தாம்பூலத் தட்டு கொண்டுவந்தார்கள். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வெற்றிலைக்கு அடியில் காசு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கையெல்லாம் வஜ்ஜிரப் பசை, அதனால் தடவிப் பார்க்கவில்லை என்று எழுதலாம். அது முழு உண்மை ஆகாது. பெரிய மனிதர் எதிரில் நிற்கும்போது தட்டைத் துழாவ வெட்கப்பட்டேன். இனிமேல் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி மை காய்வதற்குள், இதைச் சிறு தவறு என்று சொல்லலாமா என்று ஜேசுராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'சிறு' என்ற சொல்லை அடித்தான். அடித்த இடம் அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கு மேலேயே மறுபடியும் 'சிறு' என்று எழுதினான். பூந்தமல்லியில் மாலை வகுப்பு நடத்தும் வாத்தியார், தினம் அரைப் பக்கமாவது எழுதிப் பழகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு வகுப்புக்கே போகாதவன், அரைப் பக்கத்தை மட்டும் விடாமல் எழுதினான்.

பூந்தமல்லியிலிருந்து வானகரம் போகும் சாலையில், ஏரிக் கால்வாயை ஒட்டி ஒரு நீண்ட கொட்டகை இருந்தது. ஒரு காலத்தில் அறுத்த செங்கல்லைக் காயவைப்பதற்காகப் போட்டது. சூளை வேறு பக்கம் போன பிறகு சும்மா கிடந்தது. அதில்தான் ஜேசுராஜின் அக்காள் புருஷன் ராயப்பன், நாடகத் திரை எழுதிக்கொண்டிருந்தார். காட்டுத் திரை, தெருத் திரை, தர்பார்த் திரை எல்லாம் அங்கேதான் தொங்கும். ஒரு திரையை முழு உயரத்துக்கு விரித்துத் தொங்கவிட, அந்த வட்டாரத்தில் அதைவிட்டால் வேறு கூரை கிடையாது. உருவங்களும் காட்சிகளும் ராயப்பன் கை. எழுத்துகள் ஜேசுராஜ் கை. கம்பெனிப் பெயரோ, 'நல்வரவு' என்ற வார்த்தையோ, எதுவானாலும் அளவு பார்த்து, நூல் அடித்து, ஒரு எழுத்து இன்னொன்றை இடிக்காமல் எழுதுவான். எழுதி முடித்ததும் பத்தடி தள்ளிப் போய் நின்று, எங்கே கோணல் என்று தேடுவான். கோணல் இல்லாவிட்டாலும் தேடுவான்.

அந்தப் பக்கத்தில் வேலை பேசும் முறை ஒன்று உண்டு. தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு காசும் இருந்தால் அது அச்சாரம். வாங்கினவன் கூலிக்கு வேலை செய்ய ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம். காசு இல்லாமல் வெறும் தாம்பூலம் வந்து, அதைக் கை நீட்டி வாங்கிவிட்டால், அந்த வேலையைத் தன் உபயமாகச் செய்து கொடுக்கிறான் என்று அர்த்தம். வாயைத் திறந்து யாரும் பேசுவதில்லை. மேளக்காரர், பந்தல்காரர், வாணவேடிக்கைக்காரர் எல்லோருக்கும் இதுதான் முறை. இஷ்டம் இல்லாவிட்டால் தட்டைத் தொடாமல் கும்பிட்டு நிற்க வேண்டும். கொண்டுவந்தவர் புரிந்துகொண்டு மடியிலிருந்து காசு எடுத்து வைப்பார், இல்லாவிட்டால் தட்டோடு திரும்பிப் போவார். யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஜேசுராஜ் கொட்டகையின் ஓரத்தில் அடுப்பு மூட்டி, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து கலரில் கலக்கும் வஜ்ஜிரம் கரைத்துக்கொண்டிருந்தான். வஜ்ஜிரம் கொதிக்கக் கூடாது. கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடும், திரையைச் சுருட்டும்போது கலர் பொடிப் பொடியாக உதிரும். அதனால் கண்ணை எடுக்காமல் கிண்டிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். வேம்புலியம்மன் கோயில் தர்மகர்த்தா வீரராகவன் தட்டோடு நின்றார். கொட்டகையும் அவருடையதுதான். பக்கத்தில் எத்திராஜ். ஊர் நாடகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, தானும் ராஜா வேஷம் கட்டுகிறவன்.

"இன்னாடா ஜேசு, மச்சான் இல்லியா?" என்றார் வீரராகவன்.

"ஆவடிக்குப் போயிருக்காரு நைனா. ஒரு மளிகைக் கடைக்குப் போர்டு எழுதணும்னு."

"ஆத்தா நாடகத்துக்கு இந்த வருசம் புது முன்திரை போடலாம்னு கீறோம். பழசு எலி கடிச்சிக் கந்தலாப் போச்சு."

"போன வருசம் ஆத்தா மூக்கையே காணோம்," என்றான் எத்திராஜ். "நான் உள்ளருந்து பாட்டு எடுக்கச்சொல்ல, மூக்கு இருந்த எடத்துல ஒரு பையன் கண்ண வெச்சிப் பாக்கறான். ஜனம் அவனத்தான் கும்புட்டுச்சு."

வீரராகவன் சிரிக்கவில்லை. "உன் மச்சான் எழுதினா கை எடுத்துக் கும்புடத் தோணும். நாடகக் கம்பெனிக்காரனே சொல்றான். ஆடிக் கடைசிக்குள்ள முடிஞ்சிடணும். இந்தா."

ஜேசுராஜ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

ராயப்பன் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். வீடு கொட்டகைக்கு நான்கு வயல் தள்ளி இருந்தது. கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் அக்காள் செலின் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். கோயில்காரர்கள் வந்து போனதை ஜேசுராஜ் ஒன்று விடாமல் சொன்னான், மூக்குக் கதை உட்பட. ராயப்பன் சிரித்துக்கொண்டே களியை உருட்டினார்.

"அச்சாரம் எங்க?"

ஜேசுராஜ் மாடத்திலிருந்து தட்டை எடுத்துவந்தான். வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பாக்கு இருந்தது. ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. தட்டின் பித்தளை தெரிந்தது.

"இதுல ரெண்டு வெத்தல நான் போட்டுக்கினேன்," என்றாள் செலின். "காசு இருந்திருந்தா பல்லுல மாட்டியிருக்கும்."

ராயப்பன் கையில் இருந்த களியைத் திரும்பச் சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்தார்.

"அப்ப உபயம்னு வாங்கிட்டே."

"தெரியாம மச்சான்."

"தெரியாமன்னு தட்டுக்குத் தெரியுமாடா?"

"நாளைக்குக் காலைல எட்த்துக்கினு போய்த் திருப்பிக் குட்த்துட்டு வா," என்றாள் செலின். "முன்திரைன்னா மாசம் பூரா அதே வேல. அரிசிக் கடைக்காரன் நமக்கு உபயமா அளக்கறானா? பந்தல்காரனுக்குக் கூலி கீது, காஸ்லைட்டுக்காரனுக்கு வாடக கீது. எழுதறவனுக்கு மட்டும் புண்ணியமா?"

"அரிசி கெடக்கட்டும் செலினு. அத எப்படியாச்சும் பாத்துக்கலாம்," என்றார் ராயப்பன். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார். "நான் எத்தினி சாமி எழுதியிருக்கேன். காளி, முருகரு, பெருமாளு. ஒரு தபா மாதா கோயில் சாமியாரு பூசை முடிஞ்சி என்னக் கூப்புட்டு, இன்னா ராயப்பா, மத்த கோயிலுக்கெல்லாம் எழுதறியாமேன்னு கேட்டாரு. தொழில் சாமி, கூலி வாங்கறேன்னேன். கூலி வாங்கற வரைக்கும் தொழிலு, போய்ட்டு வான்னுட்டாரு. இப்ப கூலி வாங்காம எழுதினா அது இன்னா?"

செலின் குழம்புச் சட்டியை மூடிவைத்தாள். அவளுக்குத் தெரியும். கூலி வாங்காமல் கோயிலுக்குச் செய்தால் அது நேர்ச்சை.

"ஒரு தாய்க்கு நேந்துக்கினவன் இன்னொரு எடத்துல எப்படி நேந்துக்கறது?" என்றார் ராயப்பன். "அந்தம்மாவக் கொறச்சலா சொல்லல. எழுதச்சொல்ல எனக்கே மேல் சிலிர்க்கும். அதுக்குத்தான் கூலி வேணும்ன்றேன்."

மறுநாள் செலின் கடைத்தெருவில் புதிதாக இரண்டு வெற்றிலை வாங்கிவந்து தட்டில் சேர்த்தாள். ஜேசுராஜ் தட்டைத் துணி போட்டு மூடிக்கொண்டு போனான். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனான். வீரராகவன் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று புண்ணாக்கு ஊறவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவன் வரிசை கலைந்துவிட்டது.

"தாம்பூலத்தத் தூக்கிக்கினு திரும்பி வர்றவன இன்னிக்குத்தான்டா பாக்கறேன்," என்றார்.

"நான் தெரியாம வாங்கிட்டேன் நைனா. மச்சானக் கேட்டிருக்கணும்."

"மச்சான் இன்னான்றான்?"

"கூலிக்குன்னா உடனே எழுதித் தர்றேன்னாரு."

"மாதா கோயில்ல பீடத்துக்கு மேல ரெக்க வெச்ச பசங்க ரெண்டு பேர எழுதினானே, அதுக்கு எவன்டா கூலி குட்த்தான்?"

"அது நேர்ச்ச நைனா."

"அப்ப எங்க ஆத்தா இன்னா? மளிகைக் கடைல மாட்ற காலண்டரா?"

அண்டையில் தென்னை மட்டைகள் காற்றில் உராய்ந்துகொண்டிருந்தன. வீரராகவன் குரலைத் தாழ்த்தினார். கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"கொட்டகைக்கு ஒரு நாளாவது வாடகன்னு வந்து நின்னனா? கல்யாணமாகி வந்து, திரைய மரத்துல கட்டி எழுதிக்கினு இருந்தான் உன் மச்சான். மழை வந்தா துணிய சுருட்டிக்கினு ஓடுவான். நான்தான் கூப்புட்டு, சும்மாத்தானே கீது, வெச்சிக்கன்னேன். அது இன்னாடா, அது உபயம் இல்லியா? சும்மா வாங்கிக்கத் தெரியுது, சும்மா குடுக்கத் தெரியலியே."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ஜேசுராஜ் நினைக்கவே இல்லை. வீட்டிலும் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. தட்டைத் தொழுவத்துத் திட்டில் வைக்கப்போனான்.

"இங்க வெக்காத. குட்த்த தாம்பூலம் திரும்பி ஊட்டுக்குள்ள வரக் கூடாது. எட்த்துக்கினு போ." பிறகு, மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெக்கலு மழைல நனையுது. ஆடி போனா கொட்டகைல போடலாம்னு நெனச்சிக்கினு கீறேன்."

திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எத்திராஜ், சாலை வரைக்கும் கூடவே வந்தான்.

"இன்னாத்துக்குடா வம்பு? நானும்தான் பாட்றேன். பசங்களுக்கு ராப்பகலா சொல்லித் தர்றேன். காசு கேக்கறனா?"

"நீங்க பகல்ல ஏர் ஓட்டிட்டு ராத்திரில பாட்றீங்க அண்ணாத்தே. மச்சானுக்குப் பகலுக்கும் இதானே."

எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அது செரிதான்," என்றான். "ஆனா பாட்டுக்குக் காசு வாங்கினா எனக்கு அன்னிக்கு ராஜாவா நிக்க வராது. கூலிக்காரனாட்டம் நிப்பேன். அது ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அதுவும் உண்மையாகத்தான் ஜேசுராஜுக்குப் பட்டது. ஒருவன் பேச்சைக் கேட்டால் அவன் பக்கம் நியாயம், இன்னொருவன் பேச்சைக் கேட்டால் அவன் பக்கம் நியாயம். தனக்கென்று ஒரு பக்கம் இல்லையோ என்று அவனுக்குத் தன் மேலேயே கசப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை துணி வந்து இறங்கியது. பூந்தமல்லி ஜவுளிக்கடைக்காரர் அம்மனுக்காகக் கொடுத்த காடாத் துணி. கலர் டப்பாக்களும் வந்தன. ஊரில் வரி போட்டு வாங்கியது. தட்டு இன்னும் மாடத்திலேயே இருந்தது. வெற்றிலை வாடி, ஓரம் சுருண்டுவிட்டது.

"இன்னா செய்யப் போறீங்க?" என்று செலின் கேட்டாள்.

"துணியத் தைச்சி, கஞ்சி போட்டு, கரிக்கோடு இழுத்து வெக்கறேன்," என்றார் ராயப்பன். "கரியத் துணியால தட்டினா போய்டும். அது வரைக்கும் வேல ஆரம்பிச்சதா ஆகாது. கலர் தொடமாட்டேன்."

துணியின் அகலங்களைச் சேர்த்துத் தைப்பது செலினின் வேலை. மடிப்புத் தெரியாமல் தைப்பாள். பிறகு மூவரும் சேர்ந்து துணியை மூங்கிலில் இழுத்துக் கட்டினார்கள். புளியங்கொட்டைக் கஞ்சியைத் தாழை வேர்க் குச்சியால் அடித்தார்கள். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மேகம் கூடிக்கூடிக் கலைந்தது. கஞ்சி காயவில்லை. ஒரு நாள் முழுக்கத் துணி ஈரமாகவே தொங்கியது. ராயப்பன் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் நீளக் கழியின் நுனியில் அடுப்புக்கரியைக் கட்டிக்கொண்டு நின்றார். கழி ஒரே இழுப்பில் அம்மனின் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வந்தது.

"மச்சான், மாதா கோயில்ல ரெக்க வெச்ச சம்மனசு எழுதினீங்களே," என்று ஜேசுராஜ் கீழேயிருந்து கேட்டான். "அத சும்மாதானே எழுதினீங்க? அதத்தான் அவரு கேக்கறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

ராயப்பன் கழியைத் தரையில் ஊன்றினார்.

"உங்க அக்கா பிரசவத்துல காய்ச்சல் கண்டு, ஆளே இல்லன்னு ஆயிடுச்சி. நீ அப்ப சின்னவன். கொழந்த போச்சி. இவளாவது இருக்கட்டும்னு நேந்துக்கினேன். எழுந்து உக்காந்தா. அப்புறம் போய்தான் எழுதினேன். சும்மா எழுதலடா. முன்னாடியே வாங்கிக்கினுதான் எழுதினேன்."

கொட்டகையின் மறுகோடியில் செலின் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மதியம் கஞ்சி குடிக்கும்போது ராயப்பன் தன் யோசனையைச் சொன்னார். தர்மகர்த்தா வந்தால், ஒரே ஒரு காசு வைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். எவ்வளவு சின்னக் காசாக இருந்தாலும் சரி. அது கூலியாகிவிடும். தொழில் தொழிலாக இருக்கும். கொட்டகையும் நிற்கும்.

"உங்க மனசு ஆறிடும், ஒல கொதிக்குமா?" என்றாள் செலின். "இன்னிக்கு இவரு ஒரு காசு வெப்பாரு. அடுத்த மாசம் எல்லா ஊர்க்காரனும் ஒரு காசு எட்த்துக்கினு வந்து நிப்பான். ராயப்பன் கை ஒரு காசுன்னு."

"கொட்டகை போச்சுன்னா ஒரு காசும் இல்ல செலினு."

மூவரும் கொட்டகையின் கூரையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த வாரம் வீரராகவன் வந்தார். எத்திராஜும் கூட இருந்தான். கொட்டகைக்குள் நுழைந்ததும் வீரராகவன் செருப்பைக் கழற்றினார். கரிக்கோட்டில்தான் இருந்தாள் அம்மன். கண்ணும் வாயும் மட்டும் முழுதாக எழுதியிருந்தது. அவர் கை தானாகக் குவிந்தது.

"இன்னும் ஏன்டா கலர் போடல?"

ராயப்பன் முன்னால் வந்து கும்பிட்டார். "நைனா, நான் அதிகம் கேக்கல. ஒரே ஒரு காசு வெச்சித் தாம்பூலம் குடுங்க. எந்தக் காசா இருந்தாலும் செரி. கூலின்னு ஆயிடும். எங்க கோயில்ல நான் பதில் சொல்லிக்குவேன்."

"இதுக்காடா இத்தினி நாளு?" வீரராகவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மடியை அவிழ்த்து ஒரு காசை எடுத்தார். பாரம் இறங்கியதுபோல எத்திராஜ் பெருமூச்சு விட்டான். காசைக் கையில் வைத்துக்கொண்டே வீரராகவன் ஜேசுராஜ் பக்கம் திரும்பினார். "நீ பலகைய எடு. கீழ இன்னா எழுதணும்னு சொல்றேன். வேம்புலியம்மன் முன்திரை, தர்மகர்த்தா வீரராகவன் உபயம். கொட்ட எழுத்துல எழுது. கடைசில குந்தறவனுக்கும் தெரியணும்."

ஜேசுராஜ் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினான். முதல் வரி எழுதினான். தர்மகர்த்தா வீரராகவன் என்பது வரைக்கும் எழுதினான். அடுத்த சொல்லில் கை நின்றுவிட்டது. எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. எதை எழுதினாலும் சரியா என்று இரண்டு தரம் கேட்டுக்கொள்வது அவன் பழக்கம்; அந்தப் பழக்கத்தில்தான் கேட்டான்.

"நைனா, ஒரு சந்தேகம்."

"இன்னா?"

"உபயம்னா குட்த்தவங்க பேருதானே எழுதறது? துணி ஜவுளிக்கடைல குட்த்தது. கலரு ஊர்ப் பணம். வேல மச்சானுது. அதான்..."

"டேய், டேய்," என்றான் எத்திராஜ்.

"கொட்டகை என்னுதுடா," என்றார் வீரராகவன்.

"ஆமா நைனா. அதுக்கு உங்க பேரு எழுதறேன். அப்ப கைவேலை ராயப்பன் உபயம்னும் எழுதணும் இல்லியா? காசு ஒண்ணு வெச்சா அது கூலி ஆயிடுமா? வேல பூரா அவருது இல்லியா?"

ஆடிக் காற்று கூரைக்குள் புகுந்து திரையை உப்பவைத்தது. அம்மனின் கரிமுகம் முன்னால் வந்து திரும்பிப் போனது. வீரராகவன் காசை வைத்திருந்த கையை மூடிக்கொண்டார்.

"ஆத்தா காலடில ராயப்பன்னு எழுதுவியா? ஊரு ஒத்துக்குமா? ஏன்டா, உங்க சாமியாரு ஒத்துக்குவாரா?"

"மாட்டாரு நைனா," என்றார் ராயப்பன் தரையைப் பார்த்து. "ரெண்டு எடத்துலயும் ஒத்துக்க மாட்டாங்க."

ஜேசுராஜ் சுண்ணக்கட்டியைப் பலகை மேல் வைத்தான். "அப்ப முழுக் கூலியும் குட்த்துடுங்க நைனா," என்றான். "கூலி வாங்கினவன் பேர எங்கயும் எழுத வேணாம். பேரு எழுத முடியாத உபயத்த எங்ககிட்டக் கேக்காதீங்க."

வீரராகவன் அம்மனை ஒரு முறை பார்த்தார். ராயப்பனை ஒரு முறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எத்திராஜ் வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு அவர் பின்னால் போனான்.

மறுநாள் எத்திராஜ் தனியாக வந்தான். துண்டில் முடிந்திருந்ததை அவிழ்த்து ராயப்பன் கையில் வைத்தான். நாடகக் கம்பெனிக்காரர்கள் முன்திரைக்கு என்ன கொடுப்பார்களோ அதே கூலி. தட்டும் இல்லை, வெற்றிலையும் இல்லை.

"முழுசும் கீதான்னு பாத்துக்கச் சொன்னாரு."

"உன்ன நம்பாம எண்ணுவனா எத்திராஜு."

"அவரு சொல்லச் சொன்னத சொல்லிட்றேன்." எத்திராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான். "கேட்டது நாயம்தானாம். யாரு உபயத்தையும் தன் பேருல போட்டுக்கற பொழப்பு அவருக்கு வேணாமாம். அதான் கூலி குட்த்துட்டாரு. இனிமே சும்மான்ற பேச்சே ரெண்டு பக்கமும் வேணாமாம். ஆடி முடிஞ்சதும் கொட்டகைல வெக்கல் போட்றாரு."

"வாடக குட்த்தா?" என்று ஜேசுராஜ் கேட்டான்.

"நானும் கேட்டேன்டா. வாடகைக்கு உட்ற அளவுக்கு நான் கெட்டுப்போகலன்னாரு."

எத்திராஜ் போன பிறகு செலின் ஆடித் தீர்த்துவிட்டாள். "பேசினே. நல்லாப் பேசினே," என்று தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே திரைய எங்க தொங்கவிடப் போறே, என் தலைலயா?"

"நீதானே அக்கா கூலி வாங்கணும்னே."

"வாங்கணும்னேன். வாங்கினா இப்படி ஆகும்னு சொன்னனா? நான் அக்கா, கண்டபடி சொல்லுவேன். படிக்கறவன் நீ யோசிக்க வேணாம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்தக் கூலியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராயப்பன் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கலர்ச் சட்டிகளை வரிசையாக வைத்து, வஜ்ஜிரம் எங்கே என்றார்.

அந்த நாட்களில் அவர் எழுதியதுபோல அதற்கு முன்னால் எழுதி ஜேசுராஜ் பார்த்ததில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்து, வெளிச்சம் போகும் வரைக்கும் எழுதினார். புடவையின் சிவப்பை மூன்று தரம் மாற்றினார். கம்பெனித் திரையாக இருந்தால் முதல் சிவப்பே போதும் என்று விட்டிருப்பார். மூன்றாவது சிவப்பு அடித்துக்கொண்டிருந்தபோது ஜேசுராஜ் கேட்டுவிட்டான்: "கூலிக்குத்தானே மச்சான் எழுதறீங்க?"

"ஆமா. கூலி வாங்கிட்டேன். இனிமே எவ்ளோ எழுதினாலும் யாருக்கும் பதில் சொல்ல வேணாம்," என்றார் ராயப்பன்.

கடைசி வரியை ஜேசுராஜ் எழுதினான். நூல் அடித்து, அளவு பார்த்து, மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல் கொடுத்து, தர்மகர்த்தா வீரராகவன் உபயம் என்று எழுதினான். அவர் பணம் கொடுத்துவிட்டார். இப்போது அது அவருடைய உபயம்தான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தள்ளிப் போய் நின்று கோணல் தேடினான். கோணல் இல்லை. ஆனாலும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

திரையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றும் நாளில் வீரராகவன் வீட்டிலிருந்து ஒரு பானைக் கூழும் முருங்கைக்கீரையும் கொட்டகைக்கு வரும். செலின் அதில் மோரும் வெங்காயமும் போட்டுக் கரைப்பாள். கூழுக்கு எந்தக் கோயில் என்ற கேள்வி அவளுக்கு வந்ததே கிடையாது. இந்த வருஷம் அன்று மதியம் அவள் உலை வைக்காமல் வெகு நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நாடகத்தன்று கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து மேளம் கேட்டது. திரையை முதன்முதலாக இறக்கியபோது ஜனங்கள் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள் என்றும், பாட்டை ஆரம்பிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று என்றும் எத்திராஜ் வந்து சொன்னான். ராயப்பன் கேட்டுக்கொண்டார். "சிவப்பு எப்படித் தெரிஞ்சிச்சி, காஸ்லைட்டுல?" என்று அது ஒன்றை மட்டும் கேட்டார்.

1938, ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை.

ஆடி இன்றோடு முடிகிறது. நான் கேட்டது சரியா என்று இன்றும் யோசித்தேன். கேட்காமல் இருந்திருந்தால் கொட்டகை இருந்திருக்கும். கேட்டது தப்பு என்றும் எழுத முடியவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு பழைய கிடங்கு காலியாக இருப்பதாக மச்சான் கேள்விப்பட்டிருக்கிறார். உயரம் போதுமா என்று தெரியவில்லை. அது வரைக்கும் சாமான்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

நாளை விடிந்ததும் வண்டி வரும். மூங்கில்கள், கழிகள், சட்டிகள், காட்டுத் திரை, தர்பார்த் திரை ஆகியவற்றை இறக்கி ஏற்ற வேண்டும். போன ஐப்பசியில் கூரைக்கு நாங்கள் போட்ட புதுக் கீற்று அப்படியே இருக்கட்டும், பிரிக்கக் கூடாது என்று மச்சான் சொல்லியிருக்கிறார். வைக்கோல் போடுமுன் தரையில் சிந்திய கலரைச் சுரண்டிவிட்டு, கொட்டகையைப் பெருக்க வேண்டும்.